மிஸ் கேரளா என்று விற்றார்கள், வளர்ந்தது விரால்

நாகர்கோவில் பக்கம் மீன் தொட்டி வைத்திருப்பவர்களும் புதிதாக மீன் வாங்கப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

போன மாதம் ஒரு அலங்கார மீன் கடையில் 'மிஸ் கேரளா' என்று சொல்லி ஐந்து குஞ்சுகள் தந்தார்கள். ஒன்று 150 ரூபாய். உடம்பில் சிவப்புக் கோடு, அதை ஒட்டிக் கறுப்புக் கோடு. ஐந்தும் சேர்ந்தே சுற்றின. மிஸ் கேரளாவும் கூட்டமாகத்தான் நீந்தும் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வீட்டில் கப்பி என்கிற குட்டி மீன்கள் இருந்ததால், "கப்பியோட விடலாமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். "தாராளமா விடுங்கண்ணே, பாவப்பட்ட மீனு" என்றார் கடைக்காரர்.

வீட்டில் மூன்றடித் தொட்டி. மகள் ஒரு வருடமாக வளர்த்த கப்பிகள் 14, நியான் டெட்ரா ஆறு. முதல் வாரமே இரண்டு நியானைக் காணவில்லை. அப்புறம் தினம் ஒன்று குறைந்தது. ஃபில்டரைக் கழற்றி ஸ்பாஞ்சைப் பிழிந்துகூடப் பார்த்தேன். செத்த மீன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நோயில் செத்தால் பெரும்பாலும் உடல் எங்காவது கிடக்கும்.

ஒரு நாள் காலையில் லைட்டைப் போட்டால், ஒரு குஞ்சின் வாயிலிருந்து கப்பியின் நீல வால் மட்டும் வெளியே விரிந்து கிடக்கிறது. மகள் பக்கத்தில்தான் நின்றாள்.

அன்று சாயங்காலம் தேரூரிலிருந்து மாமா வந்தார். குளத்தில் தூண்டில் போட்டு வளர்ந்தவர். ஒரு குஞ்சு மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு இறங்கியது. "மக்கா, இது விரால் குஞ்சுல்லா!" என்றார்.

அது தென்கிழக்கு ஆசியாவின் ராட்சத விரால். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். சிவப்புக் கோடு குஞ்சுப் பருவத்தோடு போய்விடும். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் இதே சாயலில் நம் ஊர் விரால் ஒன்று உண்டு. இரண்டும் வேறு இனம் என்று 2011-இல்தான் ஆய்வில் உறுதியானது. அந்தக் குழப்பம் அறிஞர்களுக்கே வரலாம். ஆனால் விராலையும் மிஸ் கேரளாவையும் மீன் விற்கிறவர் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. மிஸ் கேரளாவின் வால் நடுவில் பிளந்திருக்கும், நுனிகளில் மஞ்சளும் கறுப்பும் தெரியும், முதுகுத் துடுப்பு சின்னது. விராலுக்கு வால் வட்டம், முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை ஒரே நீளமாக ஓடும்.

கடைக்குப் போனேன். முதலில் "தண்ணி மாத்துனதுல கோளாறு" என்றார். போட்டோவைக் காட்டியதும் "சின்னதுல எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும்" என்றார். பணமும் தரவில்லை, மீனைத் திரும்ப எடுக்கவும் இல்லை. இது தெரியாமல் நடந்த தவறு என்று நான் நம்பவில்லை.

இப்போது மிச்சம் இரண்டு குஞ்சுகள். பின்வாசல் சிமெண்ட் தொட்டியில் விட்டு, துள்ளி வெளியே விழாமல் வலை கட்டி, உரித்த இறால் போடுகிறேன். இதற்கு மூடி போட்டாலும் தண்ணீருக்கு மேல் இடைவெளி விட வேண்டும். காற்றுக் கிடைக்காவிட்டால் செத்துவிடும். குளத்தில் விடச் சொன்னவர்கள் உண்டு, நான் விடமாட்டேன். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் அமேசானின் ராட்சத மீனான அரபைமா பிடிபட்டது நினைவிருக்கும்.

போன வாரமும் அந்தக் கடைத் தொட்டியில் இதே குஞ்சுகள் இருந்தன. அண்மையில் மிஸ் கேரளா வாங்கியிருந்தால் வாலைப் பாருங்கள். வட்டமாக இருந்தால் இன்றைக்கே கப்பிகளை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.