மலைக்குளிருக்கான பச்சிளங்குழந்தை கம்பளி செட்: எதை மாட்டலாம், எதை விடலாம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பிரசவத்துக்கு நாள் நெருங்கினால் வீட்டில் முதலில் வாங்குவது இந்த செட்தான்: குல்லா, ஸ்வெட்டர், கையுறை, காலுறை, போர்வை. குளிரை நன்றாகவே தாங்குகிறது. ஆனால் பிறந்த குழந்தை அம்மா அப்பாவோடு பேசுவதே கையாலும் முகத்தாலும்தான். அதையும் சேர்த்துத்தான் செட்டை எடைபோட வேண்டும்.

கையுறை வேண்டவே வேண்டாம். பசித்ததும் குழந்தை அழுதுவிடாது. வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சப்பும். அழுகை கடைசியில்தான் வரும். வீறிட்டு அழும் குழந்தை மார்பைச் சரியாகப் பற்றாது. உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும்; எத்தனையோ அப்பாக்களுக்குப் பிள்ளையோடு பேச்சு வருவதே அந்தப் பிடியில்தான். விரல்களை விரித்துக் கொட்டாவி விட்டு முகத்தைத் திருப்பினால், ‘கொஞ்ச நேரம் விடு’ என்று பொருள். கையுறை போட்டால் இதில் பாதி கண்ணில் படாது. "முகத்தைக் கீறிக்கும்மா" என்று பாட்டி சொன்னால், குழந்தை தூங்கும்போது நகத்தை மெல்லிய நெயில் ஃபைலால் தேய்த்துவிடுங்கள். மாட்டியே தீர வேண்டுமா? உள்பக்கம் திருப்பி, தொங்கும் நூலையெல்லாம் வெட்டுங்கள். நூல் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும்.

குல்லா அவசியம். பெரிய சைஸ் கூடாது, கண்ணை மறைக்கும். இந்த வயதில் 20–30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருப்பது அங்கேதான். கதகதப்பான அறையில் தூங்க வைக்கும்போது கழற்றிவிடுங்கள்.

ஸ்வெட்டர் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல்தான், அதனால் உள்ளே பருத்திச் சட்டை போடுங்கள். போர்வையில் காலை நீட்டி இறுக்கிச் சுற்றினால் இடுப்பு மூட்டுக்குக் கேடு; கால் மடங்கி அகல இடம் வேண்டும்.

"அழவே மாட்டேங்குது, சமத்து" என்றால் தொட்டுப் பாருங்கள். உடல் குளிர்ந்த குழந்தையும் சத்தமில்லாமல் தூங்கி வழியும், பால் குடிக்காது. வயிறும் பாதமும் சூடாக இருந்தால் கவலையில்லை. பாதம் மட்டும் சில்லென்றால் குல்லாவும் டயப்பரும் தவிர மற்றதைக் கழற்றி, அம்மாவின் வெறும் மார்பில் படுக்கவைத்து மேலே போர்த்துங்கள், பால் கொடுங்கள். வயிறும் சில்லென்றால் மார்போடு அணைத்தபடியே உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

உதிரியாகக் கொடுக்கும் கடையாகப் பார்த்துக் குல்லாவும் காலுறையும் இரண்டிரண்டு, போர்வை ஒன்று வாங்கினால் போதும்.