பித்தப்பைக் குழாயை அடைக்க: கிளிப்பா, வெப்ப சீலரா?

பித்தப்பையை எடுக்கும்போது அதன் குழாயை அடைத்துவிட்டுத்தான் வெட்டுவார்கள். வழக்கமாக டைட்டானியம் கிளிப் போடுவார்கள். இன்னொரு வழி, திசுவை இறுக்கிப் பிடித்து மின்வெப்பத்தால் ஒட்டவைக்கும் சீலர்.

கிளிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விலை குறைவு, பல ஆண்டு அனுபவம் உண்டு. குழாய் வீங்கித் தடித்திருந்தால் முழுதாகக் கவ்வாது. அப்போது நூல் முடிச்சு போடலாம்.

சீலர் விஷயம் வேறு. 7 மி.மீ. வரையுள்ள ரத்தக்குழாய்களுக்கென வந்த கருவி அது. அவற்றின் சுவரில் நன்றாக ஒட்டுகிறது என்பதற்காகப் பித்தப்பைக் குழாயிலும் ஒட்டும் என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் பன்றிகளில் சோதிக்கிறார்கள். அடைத்த குழாய்க்குள் திரவத்தைச் செலுத்தி, எந்த அழுத்தத்தில் பிளக்கிறது என்று அளப்பார்கள். சரி, அன்றே அளந்தால் போதுமா? போதாது. சூடுபட்ட திசு சில நாட்கள் கழித்து நலிந்து, பித்தநீர் கசியலாம். விலங்கை ஒரு வாரமாவது உயிரோடு பராமரித்துப் பார்த்த சோதனையைத்தான் நான் நம்புவேன். மயக்க மருந்து, வலிநிவாரணம், நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் அதைச் செய்யவே கூடாது.

நம் கடற்கரைக்கு இந்தத் தாமதக் கசிவுதான் பெரிய கவலை. மதுரையில் அறுவை முடித்து ராமேசுவரம் திரும்பியவருக்கு நான்காம் நாள் கசிந்தால், மறுபடி 150 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். ஆகவே சாதாரண அளவுக் குழாய்க்கு என் தேர்வு கிளிப்தான். எதைப் போட்டிருந்தாலும், வயிற்றுவலி கூடினாலோ, காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ வந்தாலோ, அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.