பம்பைக் கழற்றும் முன் கேனைத் தொங்கவிடுங்கள்: பழைய டிராக்டரின் டீசல் கோளாறைக் கண்டறிய மூன்று வழிகள்

காலையில் எளிதாக ஸ்டார்ட் ஆகி, உழவில் இறங்கிய கால்மணி நேரத்தில் திணறி நின்றுவிடும் பழைய டிராக்டருக்கு மூன்று வைத்தியங்கள் வழக்கத்தில் உள்ளன. ஃபில்டரை மாற்றி ஏர் எடுப்பது, அதாவது டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது ஒன்று. தனிக் கேனிலிருந்து டீசல் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது மற்றொன்று. இன்ஜினுக்கு டீசலை அழுத்தத்தில் செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றிச் சர்வீஸ் கடைக்கு அனுப்புவது மூன்றாவது. செலவு மிகுந்த மூன்றாவது வழியைப் பலரும் தேவைக்கு முன்பே நாடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஃபில்டர் மாற்றுவது எளிது. அடைப்பு அங்கேதான் என்றால் அன்றே தீர்ந்துவிடும். ஆனால் ஏர் எடுத்தபின் ஒருநாள் நன்றாக ஓடி மறுநாள் மீண்டும் நிற்கும் வண்டியில், வெளியேற்றிய காற்று திரும்ப எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இந்த வழியில் விடை கிடையாது. டேங்கிலிருந்து, டீசலை இழுத்து ஃபில்டருக்குத் தள்ளும் ஃபீட் பம்பு வரையுள்ள குழாய் உறிஞ்சும் பக்கம் என்பதால், இன்ஜின் ஓடும்போது அங்குள்ள தளர்ந்த இணைப்பு டீசலை வெளியே கசியவிடாமல் காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே குழாய் உலர்ந்து சுத்தமாகத் தெரிவதை நம்பக் கூடாது. நசுங்கிய செப்பு வாஷர் ஒன்றே போதும், வண்டியை நிறுத்திவிட.

கேன் முறையை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், அது கோளாறின் எல்லையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. வடிகட்டிய டீசல் கொண்ட கேனை பம்பைவிட உயரத்தில் உறுதியாகக் கட்டி, ஃபீட் பம்பை விலக்கி, போதிய அகலமுள்ள டியூபை நேராக ஃபில்டரின் நுழைவாயிலில் இணைத்து, ஏர் எடுத்தபின் நின்ற இடத்திலேயே வழக்கமாக நிற்கும் நேரத்தையும் தாண்டி வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நிற்காமல் ஓடினால் பழுது டேங்க் முதல் ஃபீட் பம்பு வரையுள்ள பகுதியில்தான்: டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கலாம், டேங்கிலிருந்து டீசல் வெளியேறும் வாய்ச் சல்லடையில் தூசி படிந்திருக்கலாம், ஃபீட் பம்பின் உள்ளிருக்கும் சவ்வான டயாபிரம் கிழிந்திருக்கலாம். டயாபிரம் கிழிந்தால் டீசல், இன்ஜின் ஆயில் தங்கும் சம்புக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. இம்முறையின் குறை, உழவின் முழுப் பாரத்தை இதில் காண முடியாது என்பதே.

கேனில் ஓடியும் நின்றால், ஃபில்டரும் புதிது என்றால், இன்ஜெக்ஷன் பம்பையும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலையும் சந்தேகிப்பது நியாயம். இங்கே பம்பின் வகை முக்கியம். மாசே பெர்குசன் 135-இன் பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் இன்ஜினில் உள்ள சிஏவி டிபிஏ போன்ற ரோட்டரி பம்பில் ஒரே ரோட்டர்தான் எல்லா சிலிண்டருக்கும் டீசல் பங்கிடுகிறது. எனவே அதில் ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாவிட்டால் முதலில் அதன் நாசிலையே பார்க்க வேண்டும். இன்லைன் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை அழுத்தித் தள்ளும் தனி எலிமென்ட் உண்டு. அங்கே எலிமென்டும் குற்றவாளியாகலாம். ரோட்டரி பம்புக்கு மசகே டீசல்தான் என்பதால் தண்ணீர் கலந்த டீசல் அதைக் கடுமையாகப் பாதிக்கும். சூடானபின் ஸ்டார்ட் ஆகாத வண்டியில், பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் குளிரவைத்ததும் ஸ்டார்ட் ஆனால், ரோட்டர் தேய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்நிலையில் சர்வீஸ் கடையைத் தவிர வேறு வழியில்லை.

நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திச் சோதிக்கும்போது கையை அருகே கொண்டுபோக வேண்டாம். நூறு பாருக்கும் (பார் என்பது அழுத்த அலகு) மேலான அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அதற்கு உடனடி மருத்துவம் தேவை. பம்பைக் கழற்றுவது என்று முடிவானால், பம்பு இன்ஜினோடு பொருந்தும் விளிம்பான ஃபிளாஞ்சிலும் இன்ஜின் உறையிலும் ஒரே கோடாகப் பொருந்துமாறு முன்பே ஒரு குறி கீறிக்கொள்ளுங்கள். இல்லையேல் திரும்பப் பூட்டும்போது டீசல் செலுத்தும் நேரமான டைமிங் விலகி, பழுது நீங்கிய வண்டியும் வெண்புகை கக்கும்.