புதுப்பேட்டையும் என் துருப்பிடித்த ஃபியட்டும்

அப்பாவின் 1986 பிரீமியர் பத்மினி கார் திருவொற்றியூர் வீட்டு வாசலில் ஒன்பது வருடம் அசையாமல் நின்றது. உப்புக்காற்று சும்மா விடுமா? போன தை மாதம் டிரைவர் பக்கத்துக் கால்மிதியைத் தூக்கினேன், கீழே வாசல் சிமெண்ட் தெரிந்தது. வீட்டிலேயே சரிசெய்வது என்று இறங்கியதிலிருந்து, சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் பதினோரு தடவை போய் வந்துவிட்டேன்.

அங்கே பத்மினி என்று கேட்பதைவிட ஃபியட் என்று கேளுங்கள், சட்டென்று புரியும். 1964-ல் வந்த ஃபியட் 1100 டிலைட்தான் பிறகு பிரீமியர் பிரெசிடென்ட் ஆகி, கடைசியில் பத்மினி ஆனது. பாடி பெரும்பாலும் அதேதான். அதனால் பழைய வண்டிச் சாமானும் பல சமயம் பொருந்துகிறது.

போனதும் கேட்கிற முதல் கேள்வி, "பழச கையோட எடுத்துட்டு வந்தீங்களா சார்?" முன்பக்க முக்கோணக் கண்ணாடியின் கொக்கியை வாயால் விளக்கியே ஒரு காலை நேரம் முழுக்கப் போனது. அடுத்த தடவை உடைந்ததை எடுத்துப் போனேன். வயதான கடைக்காரர் பழைய ஆயில் டின்னுக்குள் கையை விட்டுத் துழாவி, ஒவ்வொன்றாக எடுத்து என்னுடையதன் மேல் வைத்துப் பார்த்தார். மூன்றாவது அப்படியே உட்கார்ந்தது. இந்தக் கண்ணும் கையும் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது. இதற்காகவே புதுப்பேட்டையை நான் எல்லோருக்கும் சொல்லுவேன்.

ஆனால் கதவு வாங்கியதில் ஏமாந்தேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து கிரைண்டரில் கப் பிரஷ் போட்டுத் தேய்த்தால், அடியில் நாலு விரல் அகலத்துக்கு முழுக்கப் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பப் பூசுகிற பசை. அதற்குள் தகடே இல்லை, ஓட்டைதான். திருப்பி எடுக்க மாட்டேன் என்றார்கள். ரொம்ப வருத்தமாகிவிட்டது. அப்புறம் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போக ஆரம்பித்தேன். காந்தம் பிடிக்காத இடத்தில் பட்டி இருக்கிறது என்று அர்த்தம். கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகளையும் பாருங்கள். அவை அடைத்திருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கி, துரு உள்ளிருந்தே தின்றிருக்கும்.

கைப்பிடி, கீல், கண்ணாடி, குரோம் பட்டை எல்லாம் தாராளமாக வாங்கலாம். பிரேக் சாமானும் கதவு, கண்ணாடி ஓரத்தில் வருகிற பீடிங் ரப்பரும் பழசில் தொடவே தொடாதீர்கள், புதுசு மட்டும்தான். ஃப்ளோருக்கும் பழைய தகடு வேண்டாம். அங்கே வருகிற வண்டிகளிலும் முதலில் போவது அதுதானே? நான் புதிதாக 18 கேஜ் கனத்தில் தகடு வாங்கி, அட்டையில் அளவு வெட்டிப் பார்த்து, வெல்டிங் வைத்தேன்.

துரு நீக்கும் திரவமும் அங்கேயே வாங்கினேன். உள்ளே இருப்பது பாஸ்பாரிக் அமிலம். உதிர்கிற துருவைக் கம்பி பிரஷால் எடுத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு தடவினேன். செங்கல் நிறத்தில் இருந்த இடம் கொஞ்ச நேரத்தில் கறுத்தது. துரு இரும்பு பாஸ்பேட்டாக மாறுவதால் வரும் கறுப்பு அது. நன்றாகக் காய்ந்தபின் மறுநாள் ப்ரைமர் அடித்தேன், நன்றாகப் பிடித்திருக்கிறது.

வண்டி நிறுத்த இடம் தேடி அலையாமல் எழும்பூரில் இறங்கி நடந்துவிடுங்கள். கதவு மாதிரி பெரிய சாமான் என்றால் லோடு ஆட்டோ பேசிக்கொள்ளலாம். எனக்கு இன்னும் வலது பக்க டெயில் லேம்ப் கண்ணாடி மட்டும் கிடைக்கவில்லை. கொக்கி எடுத்துக் கொடுத்த அதே பெரியவர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.