தோழிங்க அஞ்சு பேரும் சேர்ந்து போட்ட ஓவியக் கண்காட்சி, பினாங்கு ஜார்ஜ்டவுன்ல

குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில்லேர்ந்து நடந்தே போயிடலாம், ஒரு பழைய கடைவீட்டு மாடியில இப்ப ஒரு ஓவியக் கண்காட்சி ஓடிக்கிட்டு இருக்கு. போட்டவங்க அஞ்சு பேரும் ஆசிரியர் பயிற்சி மக்தப்ல (கல்லூரியில) ஒரே ஹாஸ்டல்ல இருந்தவங்க, மூணு தமிழ், ஒரு மலாய், ஒரு சீன அக்கா. பல வருஷம் ஸ்கூல்ல பாடம் சொல்லிக் கொடுத்து, பிள்ளைங்கள வளர்த்து, கிடைச்ச நேரத்துல வரைஞ்சவங்க, இப்ப எல்லாருக்கும் பென்ஷன் வயசு. இது பெண்ணியக் கண்காட்சின்னு வாசல்லயே பெருசா எழுதி வச்சிருக்காங்க, எதையும் மழுப்பல, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

பார்த்துட்டு எனக்குத் தோணுனத நேரா சொல்லிடுறேன். எங்கெல்லாம் இவங்க ஒருத்தர ஒருத்தர் வரைஞ்சிருக்காங்களோ அந்தப் படமெல்லாம் ஆள நிறுத்தி வைக்குது. எங்கெல்லாம் பெண்குலம்னு பொதுவா வரையப் பார்த்திருக்காங்களோ அங்க அது போஸ்டர் மாதிரி ஆயிடுது.

முன் ஹால்ல இடது சுவத்துல ஒரு எண்ணெய் ஓவியம் இருக்கு, அத விட்டுடாதீங்க. பாத்திக் சாரோங்க இடுப்புல கட்டிக்கிட்டு ஒரு அம்மா சமையலறை ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க, மூக்குக் கண்ணாடி கீழ இறங்கியிருக்கு, கையில தமிழ் பேப்பர். மேல துணி இல்ல. இடது பக்கம் மார்பு இருந்த எடத்துல ஆபரேஷன் வடு, குறுக்கால, கொஞ்சம் வளைஞ்சு, தையல் போட்ட புள்ளிங்க கூட தெரியுது. அவங்க நம்மள பார்க்கல, பேப்பர் படிக்கிறாங்க அவ்ளோதான். பக்கத்துல அடுப்புல கெத்தில், ஜன்னல்ல காயுற துணி. அந்த அம்மாவும் இந்த அஞ்சு பேர்ல ஒருத்தர், அன்னைக்கு அங்கதான் இருந்தாங்க, நான் கேட்டதுக்கு "மூக்க மாத்து மாத்துன்னு இவள பாடா படுத்துனேன், ஆனா வடுவ மட்டும் குறைச்சுக் காட்டாதேன்னு சொல்லிட்டேன்மா"ன்னாங்க. 1989ல நியூயார்க்ல கெரில்லா கேர்ள்ஸ்னு ஒரு குழு போஸ்டர் ஒண்ணு போட்டாங்க, மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல நவீன ஓவியப் பிரிவுல இருக்கிற ஓவியர்கள்ல பெண்கள் 5 சதவீதம் கூட இல்ல, ஆனா நிர்வாணப் படங்கள்ல 85 சதவீதம் பெண்கள்தான்னு. அந்தக் கணக்கு மனசுல இருந்தா இந்தப் படத்தோட கனம் இன்னும் நல்லா புரியும், ஏன்னா இங்க வரையுறதும் பொம்பளை, எத எப்படிக் காட்டணும்னு முடிவு பண்றதும் அங்க உக்காந்திருக்கிற பொம்பளை, நடுவுல அத்தனை வருஷப் பழக்கம்.

அடுத்தது ஆயாக் கொட்டகை, தோட்டத்துல அம்மாங்க வேலைக்குப் போறப்ப பிள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம். இது பாத்திக் ஓவியம், அதாவது துணியில மெழுகு வச்சு சாயம் ஏத்துறது, வரைஞ்சவங்க கெடா பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்தவங்க. பாத்திக்க சட்டம் போட்டு மாட்டுற ஓவியமா 1950கள்ல ஆக்கிக் காட்டுன சுவா தியன் தெங் பினாங்குல இருந்தவருதான், அந்த வழியத்தான் இந்தக்காவும் பிடிச்சிருக்காங்க. நீளமான உத்தரம், அதுலேர்ந்து வரிசையா சாரோங் ஏணைங்க தொங்குது, அம்மாங்கெல்லாம் விடியுறதுக்கு முன்னாடியே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய் ரப்பர் பால்வெட்டுல நிக்கிறாங்க, ஒரே ஒரு ஆயா ரெண்டு கையாலயும் ரெண்டு ஏணைய ஆட்டிக்கிட்டே காலால மூணாவத தள்ளுறாங்க. மெழுகு வெடிச்ச எடத்துல சாயம் இறங்கி கோடு கோடா இருக்கும்ல, அந்தக் கோடு சரியா ஏணைத் துணி மேல மட்டும் விழுந்திருக்கு, பழைய சாரோங் நைஞ்சு போன மாதிரியே. அந்த ஆயாவோட முகத்தப் பார்த்தா சீன முகம்! கேட்டா, அந்தக் காலத்து ஆயாவோட போட்டோ ஒண்ணு கூட கிடைக்கலையாம், அதனால தன்ன நல்லா பார்த்துக்கிட்ட இன்னொருத்தரோட முகத்த வச்சுட்டேன்னு அந்த சீனத் தோழியக் காட்டுனாங்க. ஹாஸ்டல்ல காய்ச்சல் வந்து கிடந்தப்ப கஞ்சி ஊட்டுனது அவங்கதானாம். எனக்கு அதுக்கு மேல பேச்சு வரல.

பின் ரூம்லதான் சறுக்குது. பெரிய பெரிய அக்ரிலிக் படங்க, உடையுற சங்கிலி, நெருப்புக் கூந்தல், பூமி உருண்டைய வயித்துல சுமக்குற பெண். கோபம் நியாயமான கோபம், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல, ஆனா படத்துக்குள்ள ஆள் யாரும் இல்ல. கோபத்த எப்படிக் காட்டணும்னு நம்ம பினாங்குலயே 1941ல பொறந்த ஓவியர் நிர்மலா தத் சண்முகலிங்கம் எப்பவோ செஞ்சு காட்டிட்டாங்க. 1973ல மலேசிய தேசிய ஓவியக் கூடம் நடத்துன போட்டியில அவங்களுக்குப் பெரிய பரிசு வாங்கிக் கொடுத்த படைப்புல கோலாலம்பூர் பக்கத்து டாமன்சாராவுல கொட்டிக் கிடந்த குப்பையையும் நேரா எடுத்த போட்டோவையும்தான் வச்சாங்க. எடம் எது, நாசம் எதுன்னு கண்ணுக்கு முன்னாடி நின்னுச்சு. பின் ரூம் படங்கள்ல அப்படி இந்த எடம், இந்த ஆளுன்னு குறிப்பா எதுவும் இல்ல.

மாடிப்படி சுவத்துல இவங்க எழுதி ஒட்டியிருக்கிறத நின்னு படிங்க. இந்திய ஓவியர் நளினி மலானி 1979ல நியூயார்க்ல ஏ.ஐ.ஆர். கேலரியப் பார்த்தாங்க, 1972ல பெண் ஓவியர்களே சேர்ந்து ஆரம்பிச்ச கூட்டுறவுக் கேலரி அது. அப்புறம் அர்பிதா சிங், மாதவி பாரேக், நீலிமா ஷேக் கூட சேர்ந்து 1987லேர்ந்து 1989 வரைக்கும் இந்தியாவுல ஊர் ஊரா நாலு பேரும் கண்காட்சி போட்டாங்க. நம்ம அக்காங்க அத வாசிச்சுட்டுத்தான், யாரோ ஒரு கேலரிக்காரர் கூப்பிடுற வரைக்கும் காத்திருக்க வேணாம்னு கைக்காசு போட்டு இந்த எடத்த வாடகைக்கு எடுத்திருக்காங்க.

குறைன்னா, படக் குறிப்பெல்லாம் மலாய்லயும் இங்கிலீஷ்லயும் மட்டும் இருக்கு, தமிழ்ல ஒரு வரி கூட இல்ல. அஞ்சுல மூணு பேரு தமிழ், அதுலயும் ஒருத்தர் தமிழ்ப்பள்ளி டீச்சர், ஏணைப் படத்துக்கு முன்னாடி ஒரு பாட்டி பேத்திகிட்ட என்ன எழுதியிருக்குன்னு கேட்டுக்கிட்டு நின்னாங்க. ஒரு ஏ4 பேப்பர்ல அடிச்சு ஒட்டுனா போதும், தயவு செஞ்சு செய்ங்க. மாடிப்படி ரொம்ப செங்குத்து, முட்டி வலிக்காரங்க துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போங்க. மத்தியானம் வெயில் ஜன்னல் வழியா வந்து கண்ணாடி போட்ட படத்துல அடிக்குது, ஒண்ணும் தெரியாது, காலைல போறதுதான் நல்லது.

டிக்கெட் இல்ல, வாசல்ல உண்டியல் இருக்கு. சின்ன பிரிண்டு வாங்கலாம், அசல் படம் விலை அதிகம்தான் ஆனா அந்த வேலைக்கு நியாயம், எண்ணெய் ஓவியம் மட்டும் விற்பனைக்கு இல்ல. பசங்கள கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்டா, கூட்டிட்டுப் போங்க, ஆம்பளப் பசங்களையும்தான். சனிக்கிழமை அஞ்சு பேருமே இருப்பாங்க, கேட்டா உக்கார வச்சு கோப்பி கொடுத்துப் பேசுவாங்க.