யூடியூப் ஸ்டுடியோவின் காப்பிரைட் பக்கம்: பாட்டை அழிக்க அருமை, வழக்காடச் சுமார்

படத் துண்டுகளை வைத்து விமர்சன வீடியோ செய்கிறவர்களுக்கு இந்தப் பக்கம் அத்துப்படியாக இருக்கும். வீடியோவை ஏற்றியதுமே யூடியூபின் தானியங்கிச் சோதனையான கண்டென்ட் ஐடி, உரிமையாளர்கள் கொடுத்துத் தன்னிடம் இருக்கும் கோப்புகளோடு ஒப்பிட ஆரம்பித்துவிடும். கிளைம் (இது என்னுடையது என்ற உரிமைக்கோரல்) விழுந்தால் எந்தப் பாட்டு, யாருடையது, எந்த நொடியிலிருந்து எதுவரை என்று சுத்தமாகக் காட்டுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பாட்டை மட்டும் அழிக்கும் வசதி. பேச்சை விட்டுவிட்டுப் பின்னணி இசையை மட்டும் நீக்கப் பார்க்கும், வீடியோவை மறுபடி ஏற்ற வேண்டாம், அதே லிங்க், அதே வியூஸ், கமென்ட்டுகளும் அப்படியே. பேச்சும் பாட்டும் பின்னிக் கிடந்தால் மட்டும் சொதப்பும், அங்கே அந்தத் துண்டை வெட்டிவிடுவதே மேல்.

கிளைமை எதிர்த்து முறையிடும் டிஸ்ப்யூட் பகுதிதான் இழுவை. ஃபேர் யூஸ், அதாவது விமர்சனம் போன்றவற்றுக்கு அனுமதியில்லாமலே எடுத்தாளச் சட்டம் தரும் இடம், என்று காரணம் சொல்லி, விளக்கம் எழுதி, பெயரைத் தட்டி அனுப்பினால் அது யாரிடம் போகிறது? கிளைம் போட்டவரிடமே! அவருக்கு 30 நாள் அவகாசம். மறுத்தால் அப்பீல், அதற்குப் பதில் சொல்ல அவருக்கு 7 நாள். அப்போதும் ஒத்துக்கொள்ளாமல் வீடியோவை நீக்கச் சொன்னால் சேனல்மேல் ஸ்ட்ரைக் என்ற எச்சரிக்கை விழும், 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடலாம். நீக்கியது தவறு, திருப்பிப் போடுங்கள் என்று கேட்கும் எதிர் நோட்டீஸ் என்று ஒன்று இருக்கிறது, சரி, ஆனால் அது கோர்ட் வாசல்வரை இழுக்கக்கூடிய சமாச்சாரம். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் பலர் பாதியிலேயே விட்டுவிடுவது இதனால்தான்.

ஒலியும் படமும் பொருந்துகிறதா என்பது மெஷினுக்குத் தெரியும். எதற்காக எடுத்தோம், மூலம் எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தோம், அதன் சந்தை பாதிக்குமா என்று அமெரிக்கச் சட்டத்தின் 107ஆம் பிரிவு கேட்கும் நாலு கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாது. 30 நொடிக்குள் எடுத்தால் தப்பில்லை என்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறதே, சட்டத்தில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. 2017இல் நியூயார்க்கில் ஒரு ரியாக்‌ஷன் வீடியோ வழக்கில், மூலத்தில் பாதிக்கு மேல் எடுத்திருந்தும் அதை ஃபேர் யூஸ் என்றே தீர்ப்பளித்தார்கள். துண்டு துண்டாக நிறுத்தி அதன்மேல் விமர்சனம் செய்திருந்தது அங்கே பெரிதாக எடுபட்டது.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். பின்னணியில் தற்செயலாக ஓடிய பாட்டுக்காக மல்லுக்கட்ட வேண்டாம், அழித்துவிடுங்கள். விமர்சனத்துக்காக எடுத்த காட்சி என்றால் விடாதீர்கள். விளக்கப் பெட்டியில் ‘கல்வி நோக்கம்’ என்று ஒற்றை வரி போட்டுவிட்டு வராமல், எந்த நொடியில் எந்தக் காட்சி, அதைப்பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம், கிளைம் வந்த 5 நாளுக்குள் டிஸ்ப்யூட்டைப் போட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் முதல் நாளிலிருந்தே விளம்பர வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும், தாமதித்தால் டிஸ்ப்யூட் போட்ட நாளிலிருந்துதான்.