திருவந்திபுரத்தில் தாலியா, டவுன் மண்டபமா? எதில் காசு நிற்கும்?

கடலூர்ப் பக்கம் நிச்சயம் முடிந்த கையோடு எழுகிற கேள்வி இதுதான். தங்கை கல்யாணத்துக்காக, திருவந்திபுரம் கோயில், டவுன் மண்டபம் இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதிப் பார்த்தேன்.

முதலில் மண்டபம். முதல்நாள் மாலை உள்ளே போய், மறுநாள் மதியம் காலி செய்ய வேண்டும். வாடகையைக் கேட்டுவிட்டு அதோடு முடிந்தது என்று நினைத்தால் தொலைந்தோம். பில் போடும் மண்டபம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி. கரன்ட் யூனிட் கணக்கு தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, துப்புரவு தனி, சில இடங்களில் காஸ் சிலிண்டரும் தனி. ஐப்பசி, கார்த்திகையில் தேதி வைத்தால் டீசலுக்குக் கூடுதலாகவே எழுதிக்கொள்ளுங்கள். 2024 கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த ராத்திரியை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் மண்டபத்தில் ஒரு நிம்மதி உண்டு: அன்றைக்கு அந்த இடம் நம்முடையது.

திருவந்திபுரத்தில் அது கிடையாது. தேவநாத சுவாமி கோயில் எதிரே ஹயக்ரீவர் மலையில் பெரிய முகூர்த்த நாள் என்றால் பக்கத்துப் பக்கத்தில் தாலி கட்டிக்கொண்டிருப்பார்கள். மலையிலும் சுற்றியுள்ள மண்டபங்களிலுமாக ஒரே நாளில் நூறு கல்யாணத்தைத் தாண்டும். நம் மேளம் எது, அடுத்த வீட்டு மேளம் எது என்று தெரியாது. டவுனிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஆனால் அன்று காலை வண்டி நகராது. முட்டி வலிக்காரப் பாட்டிகளுக்குப் படி வேறு. வயதுச் சான்று, முதல் திருமணச் சான்று எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். கட்டணம் மட்டும் மண்டப வாடகைக்குப் பக்கத்திலேயே வராது.

சரி, அப்படியென்றால் கோயில்தான் மலிவா? இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். கோயில் கல்யாணத்தில் பெரிய மிச்சம் வாடகையில் இல்லை, இலையில்.

மண்டபக் கல்யாணத்தில் ராத்திரி வரவேற்புக்கு 500 இலை, காலை டிபன் 300, மதியம் 400 என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு 250 ரூபாய், டிபன் 120 ரூபாய் என்றால் 2,61,000 ரூபாய். கோயிலில் தாலி கட்டிவிட்டு, டிபன் 100 பேருக்கு, பக்கத்துச் சின்ன மண்டபத்தில் மதியச் சாப்பாடு 250 பேருக்கு என்றால் 74,500. இந்த இடைவெளி முழுக்க ஆள் குறைந்ததால் வந்தது, குறிப்பாக அந்த ராத்திரிச் சாப்பாட்டை விட்டதால்.

நம்மில் பலர் செய்வது மூன்றாவது வழி: காலையில் திருவந்திபுரம், மாலையில் டவுனில் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ தனியாக ஒரு வரவேற்பு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மேடை அலங்காரம், வாடகை, 500 இலை எல்லாம் பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடும், கூடவே வேன் வாடகையும் பெண்ணுக்கு இரண்டாம் முறை மேக்கப்பும். என் கணக்கில் மூன்றிலும் மோசம் இதுதான்.

"வரவேற்பு வைத்தால்தான் மொய் வரும்" என்பார்கள். வரும். ஆனால் மொய் நோட்டில் எழுதியது நாளைக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதை வரவுப் பக்கம் போட்டுக் கல்யாணம் நடத்தாதீர்கள்.

சமையலை எப்படிப் பேசுவது என்று கேட்டால், 250 இலைக்குள் என்றால் மளிகையை நாமே வாங்கிக் கொடுத்து மாஸ்டருக்குக் கூலி பேசலாம், வீட்டில் பொறுப்பான ஒரு சித்தப்பா இருந்தால். அதற்கு மேல் போனால் இலைக் கணக்குக் கான்ட்ராக்ட்தான் தலைவலி இல்லாதது. குறைந்தபட்சம் எத்தனை இலைக்குப் பணம், இலையை யார் எண்ணுவது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். பந்தி முடிந்த பிறகு பேசினால் சண்டைதான்.

நாங்கள் இரண்டாவது வழியில் போனோம். பெரியப்பா மட்டும் இன்னும் "ராத்திரி ஒரு வாய் சோறு போடாத கல்யாணம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.